மூன்றரை நாள்!

1769-ஆம் ஆண்டு, மார்ச்சுத் திங்கள் 29-ஆம் நாள்.

சென்னைக் கோட்டைக்குள்ளே கும்பெனியின் கவர்னரும் ஆலோசனைச் சபையினரும் ஒரு கணக்கு வைத்திருந்தனர். எதிரி தெற்கே, நெடுந்தொலைவில் இருக்கிறான். அவன் அடிச்சுவட்டைப் பற்றிக்கொண்டு நம் தளபதி ஸ்மித் போகிறான். ஆகவே தலைநகருக்கு ஆபத்தில்லை. இதுதான் கணக்கு. தவறான கணக்கென்று சொல்வதற்கில்லை. நான்கு நாட்களுக்கு முன்பு வரையிலே அது சரியான கணக்கே!

அன்றுதான் வந்தது செய்தி. பறங்கிமலைப் பக்கம் குதிரைப்படை! ஒன்றல்ல, நூறல்ல, ஆறாயிரம் குதிரைகள்! முன்னே நிற்பவன் எவனோ ஒரு படைத் துணைவனல்லன், மைசூரின் அதிபதி ஐதர் அலியே நேரில் நிற்கிறான்!

எப்படி வந்தான்? எந்த வழியாக வந்தான்? தளபதி ஸ்மித் எங்கே? கேள்விகள் கோட்டைக்குள்ளே முட்டி மோதின. விடை கிடைப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. 130 மைல் தொலைவை மூன்றரை நாளில் கடந்து வந்திருந்தான் ஐதர். துப்பாக்கி வெடிக்கவில்லை, மதிற்சுவர் இடியவில்லை, முற்றுகையில்லை. ஆனால் கோட்டை பணிந்தது. ஏப்ரல் 4-ஆம் நாள் உடன்படிக்கை உருவாயிற்று.

கத்தியால் பெற்ற வெற்றிகளைக் கதை கதையாகக் கேட்டிருக்கிறோம். காலத்தைக் கருவியாக்கிப் பெற்ற வெற்றி இது. தோழர்களே, இதன் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும் என் வேங்கிக்காலுக்குப் பக்கத்திலே, திருவண்ணாமலை மண்ணிலே இருக்கிறது. அதுவும் ஒரு தோல்வியிலே இருக்கிறது!

எழுத்தறியாதவன், எண்ணத் தெரிந்தவன்

ஐதர் அலி அரண்மனைத் தொட்டிலில் ஆடிய பிள்ளையல்லன். கோலாருக்கு அருகே பூதிக்கோட்டையிலே பிறந்தவன். தந்தை ஒரு படைவீரர். சின்னஞ்சிறு வயதிலேயே அவரைப் போரிலே பறிகொடுத்தான். பள்ளி வாயில் அவனுக்குத் திறக்கவில்லை. படிக்கவும் தெரியாது, எழுதவும் தெரியாது. 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய துணிவே அவனுக்குக் கிடைத்த முதல் பட்டயம். 1755-இல் மைசூர் அரசு அவனைத் திண்டுக்கல்லுக்குப் படைத்தலைவனாக அனுப்பியது. அங்கே பிரெஞ்சுக் கைவினைஞர்களை வைத்துக்கொண்டு பீரங்கிப்படைக்கு அடித்தளம் போட்டான். 1761-இல் மைசூரின் ஆட்சியே அவன் கைக்கு வந்தது. அரசன் பெயரளவில் இருந்தான், ஆண்டவன் ஐதர்.

குலம் கேட்டுக் கோலோச்ச வந்தவனல்லன். பரம்பரைப் பட்டியல் காட்டிப் படை திரட்டியவனல்லன். பிறப்புத் தராததை உழைப்பிலே தேடினான். எழுதத் தெரியாத அந்த மனிதன், படிக்க வேண்டியதை எல்லாம் படித்தான். படித்தது நிலத்தை, நீர்நிலையை, கணவாயை, எதிரியின் பழக்கத்தை! ஏடு படித்த கும்பெனிச் சபையினர் இவற்றைப் படிக்கவில்லை. அதன் விலையைத்தான் 1769-இல் கொடுத்தார்கள்.

செங்கத்திலிருந்து திருவண்ணாமலைக்கு

1767-இல் மூண்டது முதல் மைசூர்ப் போர். ஐதராபாத் நிசாம் ஐதருடன் கைகோத்துக்கொண்டான். எதிர்ப்புறம் கும்பெனியின் படை, கர்னல் ஜோசப் ஸ்மித் தலைமையில். ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள் காவேரிப்பட்டணத்தருகே ஐதரின் குதிரைவீரர்கள் கணவாய் வழியாகச் சரேலென இறங்கினார்கள். அவர்கள் முதலில் தாக்கியது எதை? பீரங்கிகளையா? தளபதியின் கூடாரத்தையா? இல்லை, மேய்ந்துகொண்டிருந்த மாடுகளை! வெள்ளையர் படையின் வண்டிமாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மாட்டைத் திருடுவதா மாவீரம் என்று சிரிக்கத் தோன்றும். சிரிக்க வேண்டாம். பீரங்கியை இழுப்பது மாடு. அரிசியைச் சுமப்பது மாடு. மாடு போனால் பீரங்கி வெறும் இரும்பு, படை பட்டினிக் கூட்டம். எதிரியின் கால்களை முதலில் வெட்டிவிட்டு, பிறகு உடலோடு சண்டைக்குப் போனான் ஐதர்.

ஸ்மித் பின்வாங்கினான். திருவண்ணாமலையை நோக்கி நடந்தான். அங்கே ஆர்க்காட்டு நவாபு முகமது அலி அரிசி சேர்த்து வைத்திருப்பான் என்பது நம்பிக்கை. திருச்சிராப்பள்ளியிலிருந்து கர்னல் வுட் துணைப்படையோடு வந்து சேர்வான் என்பதும் எதிர்பார்ப்பு. இடையிலே செங்கம் கணவாய். செப்டம்பர் 3-ஆம் நாள் அங்கே பாய்ந்தான் ஐதர். களத்திலே வெற்றி ஸ்மித்துக்குத்தான். ஆனால் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே மைசூர்க் குதிரைகள் அவனுடைய மூட்டை முடிச்சுகள் மீது விழுந்து அரிசியைக் கொள்ளையிட்டன. வென்ற தளபதி வென்ற இடத்திலே ஓரிரவு தங்க முடியவில்லை! 27 மணி நேரம் உணவின்றி, உறக்கமின்றி நடந்து திருவண்ணாமலை வந்து சேர்ந்தது வென்ற படை. வந்து பார்த்தால், நவாபு வாக்களித்த அரிசி போதுமான அளவு இல்லை.

ஐதர் இந்த இடத்தில் விரைந்திருந்தால்? வுட் வந்து சேருவதற்கு முன்பே அடித்திருந்தால்? வரலாறு வேறு வழியிலே போயிருக்கக்கூடும். ஆனால் கூட்டணியின் பெருங்கூட்டம் அவன் கால்களிலே கட்டிய கல்லாயிற்று. இருவர் படையும் சேர்த்து எழுபதாயிரம் பேர்! நிசாமின் யானைகள், அந்தப்புரம், ஆடம்பரம், எல்லாம் கூடவே வந்தன. வுட் வந்து ஸ்மித்துடன் சேர்ந்துவிட்டான். நாட்கள் நழுவின.

செப்டம்பர் 26. இடையிலே சதுப்பு நிலம். ஒருபுறம் ஒரு குன்று. ஸ்மித்தின் படை சதுப்பைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடிக் குன்றை நோக்கி நகர்ந்தது. ஐதரும் நிசாமும் அதைப் பார்த்தார்கள். எதிரி ஆர்க்காட்டுக்கு ஓடுகிறான் என்று முடிவு கட்டினார்கள். துரத்து என்றார்கள். துரத்தி ஓடியவர்கள் குன்றின் திருப்பத்திலே, ஓடுவதாக நினைத்த படை அணிவகுத்து எதிரே வருவதைக் கண்டார்கள்!

திகைக்க வைப்பவன் அன்று திகைத்தான். நான்காயிரத்துக்கு மேற்பட்டவர்களையும் 64 பீரங்கிகளையும் இழந்தது கூட்டணிப் படை. நிசாம் களத்தை விட்டுப் போனான். 1768 பிப்ரவரியில் கும்பெனியுடன் தனி உடன்படிக்கையே செய்துகொண்டான்.

இந்த நாட்களிலே இன்னொரு காட்சி. ஐதரின் மகன், பதினேழு வயது நிரம்பாத திப்பு, ஒரு குதிரைப் பிரிவோடு சென்னையின் புறநகர் வரை பாய்ந்து சென்றிருந்தான். தோட்ட மாளிகைகளிலே இளைப்பாறிக்கொண்டிருந்த கும்பெனிப் பெரியவர்கள் மயிரிழையில் தப்பினார்கள். திருவண்ணாமலைத் தோல்விச் செய்தி எட்டியதும் திப்பு திரும்பிவிட்டான்.

இரண்டு காட்சிகளையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்துப் பாருங்கள். எழுபதாயிரம் பேர் கொண்ட பெரும்படை திருவண்ணாமலையிலே தோற்றது. சிறு குதிரைப் பிரிவு தலைநகரின் வாயிலையே தட்டிவிட்டு வந்தது. தந்தை இதைப் பார்த்தான். மறக்கவில்லை.

வேகம் வேறு, அவசரம் வேறு

வேகம் என்றால் குதிரையின் காலிலே இருக்கிறது என்று எண்ணுகிறோம். குதிரை எல்லாரிடமும் இருந்தது. ஐதரின் வேகத்துக்கு வேறு காரணங்கள் உண்டு.

முதலாவது, சுமையின்மை. அந்நாளையப் போர்ப்படை என்பது நடமாடும் நகரம். கூடாரம், கடைத்தெரு, சமையற்கலம், பணியாட்கள் என்று நீண்டுகொண்டே போகும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நகர்ந்தால் அதுவே பெரிது. ஐதர் தேவைப்பட்டபோது இவை அனைத்தையும் உதறிவிட்டுக் கிளம்பினான். பீரங்கி தேவையான இடத்துக்கு அதை இழுக்க, மைசூரிலே விரைவுக்கென்றே பேணி வளர்க்கப்பட்ட காளைகள் இருந்தன.

இரண்டாவது, செய்தி. ஒற்றர்களுக்கு அவன் கணக்குப் பார்க்காமல் கொடுத்தான். எதிரியின் முரசு எங்கே ஒலிக்கிறது என்பது அவனுக்குத் தெரியும்; அவன் எங்கே இருக்கிறான் என்பது எதிரிக்குத் தெரியாது. ஆயிரம் ரூபாய் விலையுள்ள குதிரையை இரண்டு காசு விலையுள்ள பீரங்கிக் குண்டுக்கு ஏன் இரையாக்க வேண்டும், சண்டை நடக்கும், ஆனால் அது நான் விரும்பும்போது நடக்கும் என்ற கருத்தை அவன் வெளியிட்டதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. சொன்னானோ இல்லையோ, செய்து காட்டினான்.

மூன்றாவது, முடிவெடுக்கும் தலை ஒன்றே. கும்பெனிப் பக்கத்திலோ, தளபதிக்கு மேலே கவர்னர், கவர்னரைச் சுற்றிச் சபை. அந்தச் சபை போதாதென்று 1768-இல் சபையினர் இருவரைப் பாசறைக்கே அனுப்பினார்கள், தளபதியைக் கண்காணிக்க! உணவுக்கோ நவாபின் கையை எதிர்பார்க்க வேண்டும். குதிரைப்படையோ பெயருக்குத்தான். இப்படிப்பட்ட படை வீரத்திலே குறைந்ததல்ல. செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் அது காட்டிய ஒழுங்கை மறுப்பதற்கில்லை. ஆனால் சுமையோடும் சபையோடும் நடப்பவன், தனித்து ஓடுபவனைப் பிடிக்க முடியுமா?

சிந்திக்காமல் ஓடுவது அவசரம். சிந்தித்து முடித்துவிட்டு ஓடுவது வேகம். திருவண்ணாமலைக் குன்றைச் சுற்றி ஐதர் ஓடியது அவசரம். பறங்கிமலைக்கு ஓடியது வேகம். இரண்டுக்கும் இடையே ஒன்றரை ஆண்டு.

கைவிட்டதும் மீட்டதும்

அந்த ஒன்றரை ஆண்டிலே நடந்தது என்ன? 1768 தொடக்கத்தில் பம்பாயிலிருந்து வந்த வெள்ளையர் படை மங்களூரைப் பிடித்தது. ஐதர் கிழக்கை விட்டுவிட்டு மேற்கே பாய்ந்தான். திப்பு முன்னே சென்றான். மே மாதத்திலே மங்களூர் மீண்டது. ஓடிய வெள்ளையர், நோயாளிகளையும் காயம்பட்டோரையும் கூட விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள்.

அவன் மேற்கே இருந்த வேளையில் கிழக்கே கும்பெனி கொழுத்த அறுவடை செய்தது. கிருஷ்ணகிரி, சேலம், ஈரோடு, கோயம்புத்தூர், திண்டுக்கல், கோலார் என்று ஊர் ஊராகக் கொடி நாட்டியது. பெங்களூரும் விழப்போகிறது என்ற கனவு வந்தது. அப்போது ஐதர் சமாதானம் பேசினான். பாராமகாலையும் பத்து இலட்சம் ரூபாயையும் தருவதாகச் சொன்னான். போதாது என்றது கும்பெனி! இன்னும், இன்னும் என்று கேட்டது பேராசை.

பிடித்த ஊர்களையெல்லாம் காக்க வேண்டுமே! கோட்டைக்கு ஐம்பது பேர், நூறு பேர் என்று படை சிதறியது. வென்ற ஒவ்வோர் ஊரும் வென்றவனின் படையிலே ஒரு துண்டைக் கடித்து எடுத்துக்கொண்டது. ஐதர் காத்திருந்தான். 1768 டிசம்பரில் கணவாய்களின் வழியே இறங்கினான். தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு! ஆறே வாரத்தில், கும்பெனி ஓராண்டு உழைத்துச் சேர்த்தது கரைந்து போயிற்று. கரூருக்கும் ஈரோட்டுக்கும் இடையே காப்டன் நிக்சனின் பிரிவு அடியோடு அழிந்தது.

இப்போது சமாதானம் பேச வந்தது கும்பெனி! சென்னை வாயிலுக்கே வருகிறேன், அங்கே பேசிக்கொள்வோம் என்பதுபோல ஐதர் விடை சொன்னதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மீண்டும் தலைமைக்கு வந்திருந்த ஸ்மித்தைத் தெற்கே, தெற்கே என்று இழுத்தான். பிறகு, பெரும்படையையும் பீரங்கிகளையும் மூட்டைகளையும் மேற்கே மலைப்பாதை வழியாகத் தன் நாட்டுக்கு அனுப்பினான். பார்த்தவர்களுக்கு, ஐதர் ஊர் திரும்புகிறான். உண்மையிலோ, ஆறாயிரம் குதிரைகளையும் இருநூறு காலாட்களையும் மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு வடக்கே பறந்துகொண்டிருந்தான். அவனிடம் ஒரு பீரங்கிகூட இல்லை!

பீரங்கியில்லாமல் கோட்டையைப் பிடிக்க முடியாது. அது அவனுக்குத் தெரியும். அவன் கோட்டையைப் பிடிக்க வரவில்லை. கோட்டைக்குள் இருந்தவர்களின் மனத்தைப் பிடிக்க வந்தான். திறந்து கிடந்த ஊர், செல்வம் குவிந்த கிடங்குகள், அஞ்சி நிற்கும் வணிகர்கள். இவற்றை நினைத்த மாத்திரத்தில் சபையினரின் உறுதி உருகிற்று. பின்னாலே விரைந்து வந்துகொண்டிருந்த ஸ்மித்தை, அங்கேயே நில் என்று கட்டளையிடச் செய்தான் ஐதர். அடுத்த கவர்னராக வரவிருந்த டூப்ரேயைத் தன்னிடம் பேச அனுப்பச் சொன்னான். அனுப்பினார்கள்.

அந்த அச்சத்துக்குச் சான்று இன்றும் சென்னைத் தெருவிலே இருக்கிறது. 1767-இலும் 1769-இலும் வந்த குதிரைகளை எண்ணி, 'கறுப்பர் பட்டணம்' என்று வெள்ளையர் பெயரிட்டிருந்த பகுதிக்கு மதில் எழுப்பினார்கள். அந்தச் செலவுக்கு வரி போட எண்ணியதன் நினைவுதான், மக்கள் வாயிலே வழங்கும் வால்டாக்ஸ் சாலை என்ற பெயர்.

உலகம் கண்ட உண்மை

ஐதர் தனி ஆளல்லன். 1664-இல் சிவாஜி, எவரும் எதிர்பாராத வேளையிலே சூரத்தின் மீது பாய்ந்தான். 1677-இல் அதே வேகத்தோடு தெற்கே வந்து செஞ்சியைக் கைக்கொண்டான். 1700-இல் சுவீடனின் இளம் அரசன் பன்னிரண்டாம் சார்லஸ், பனிப்புயல் எதிரியின் முகத்திலே அடித்த நேரம் பார்த்து நார்வாவிலே பெரும் ருசியப் படையைச் சிதறடித்தான். 1805-இல் நெப்போலியன், ஆஸ்திரியத் தளபதி மாக்கின் பின்புறமாகச் சுற்றி வந்து, உல்ம் நகரிலே பெரும்போரின்றிப் பணியவைத்தான். காலமும் களமும் வேறு, கருத்து ஒன்று. எதிரியின் வாளை வெல்வதற்கு முன்பு, எதிரியின் கணக்கை வென்றார்கள்.

ஆனால் ஒன்றையும் உடன் சொல்ல வேண்டும். சார்லஸ் பொல்டாவாவிலே 1709-இல் வீழ்ந்தான். நெப்போலியன் 1812-இல் ருசியப் பனியிலே படையைப் புதைத்தான். வேகம் வாயிலைத் திறக்கும். வீட்டைக் கட்டித் தராது.

உடன்படிக்கையும் உழவனும்

1769 உடன்படிக்கை என்ன சொன்னது? பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பிக் கொடுப்பது. கரூர் மட்டும் ஐதருக்கு. எவர் மீது எவர் படையெடுத்து வந்தாலும் ஒருவருக்கொருவர் உதவுவது. இந்த இரண்டாவது வாக்குத்தான் ஐதர் விரும்பிய கனி. அடுத்த ஆண்டே மராட்டியப் பேஷ்வா மாதவராவின் படை மைசூர் மீது பாய்ந்தது. ஐதர் வாக்கை நினைவூட்டினான். கும்பெனி கைவிரித்தது! மூன்றரை நாளில் வாங்கிய வாக்கு மூன்று ஆண்டு நிற்கவில்லை.

அந்தத் துரோகத்தின் அறுவடை 1780-இல் வந்தது. ஜூலையிலே, அதே செங்கம் கணவாய் வழியாக ஐதர் பெரும்படையோடு இறங்கினான். செப்டம்பர் 10-இல் காஞ்சிபுரத்தருகே பொள்ளிலூரிலே கர்னல் பெய்லியின் படை அழிந்தது, பெய்லி சிறைப்பட்டான். தோழர்களே, இந்த வெற்றியைப் பாடும் நாம் ஒன்றை மறைத்தால் வரலாற்று மாணவராக மாட்டோம். எதிரிக்கு ஒரு பிடி அரிசி கிடைக்கக் கூடாது என்று ஊர்களைக் கொளுத்தினார்கள். எரிந்தது எவன் குடிசை? கும்பெனிக் கவர்னரின் மாளிகையல்ல. நம் உழவனின் குடிசை! அடுத்து வந்த ஆண்டுகளில் பஞ்சம் சென்னைச் சீமையைத் தின்றது. ஐதரின் குதிரை ஒரு பக்கம், கும்பெனியின் பேராசை மறுபக்கம், நவாபின் வரிக்கொடுமை நடுவிலே. அவர்கள் பெயர் எந்த உடன்படிக்கையிலும் இல்லை.

1782 டிசம்பர் 7-இல், சித்தூர் அருகே பாசறையிலேயே ஐதர் இறந்தான். 1799 மே 4-இல் சீரங்கப்பட்டணத்திலே திப்பு களத்தில் வீழ்ந்தான். வேகத்தை எதிர்த்து நின்ற கும்பெனி தன் குறையைத் தெரிந்துகொண்டது. குதிரைப்படை சேர்த்தது, உணவுப் பொறுப்பைத் திருத்தியது, நிசாமையும் மராட்டியரையும் தன் பக்கம் இழுத்தது. ஒரு தளபதியின் மூளை எவ்வளவு கூர்மையானாலும், அது அவனோடு போய்விடும். முறையாகக் கட்டப்பட்ட அமைப்போ, ஆள் போனாலும் நிற்கும். ஐதரிடம் கும்பெனி கற்றுக்கொண்டது அதிகம். நம் நாட்டு மன்னர்கள் கற்றுக்கொண்டது குறைவு.

பிளாசிப் போரின் ஆண்டு எது என்று என் வகுப்பிலே கேட்டால் இருபது கைகள் உயர்கின்றன. 1767 செப்டம்பர் 26-இல் நம் ஊரிலே என்ன நடந்தது என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. குற்றம் பிள்ளைகளுடையதல்ல. தீபத்தன்று இலட்சக்கணக்கானவர் நடந்து போகும் இந்த மண்ணிலே, எழுபதாயிரம் பேர் மோதிக்கொண்ட கதையை எவரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாம்.

எப்படிச் சொல்வது? ஐதரை வணங்கச் சொல்லி அல்ல. அவதாரம் என்றோ, தெய்வ அருள் என்றோ, விதியின் வேலை என்றோ சொல்லியும் அல்ல. 130 மைலை மூன்றரை நாளில் கடந்தது அற்புதமில்லை; மாடும் அரிசியும் ஒற்றனும் பாதையும் கணக்கிட்டவன் செய்த வேலை. திருவண்ணாமலையிலே தோற்றது ஊழ்வினையில்லை. பாராமல் முடிவு கட்டியதன் விளைவு. ஒருவனே, ஒன்றரை ஆண்டுக்குள், இரண்டையும் செய்து காட்டினான். தோற்ற இடத்திலே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ளாமல், ஏன் தோற்றோம் என்று கேட்டான். அந்தக் கேள்விதான் அவனைப் பறங்கிமலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இயக்கத்திலே இருக்கும் இளைஞனுக்கு இதைவிட வேறு என்ன பாடம் வேண்டும்? கூட்டம் பெரிதா என்று பார்க்காதே. சுமை குறைவா என்று பார். எதிரி ஓடுகிறான் என்று எவனாவது சொன்னால், குன்றின் மறுபுறத்தை ஒரு முறை எட்டிப் பார். வென்ற பிறகு, வென்றதைக் காக்கும் அமைப்பு இருக்கிறதா என்று கேள். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் ஓடும் வழியிலே எவன் குடிசை எரிகிறது என்பதையும் பார்த்துக்கொண்டே ஓடு!